இன்னைக்கு என்ன வந்துச்சு? புதுச்சேரி, கடலூர் கரைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு

விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருகிற என் சொந்தக்காரர்கள் பலரும் முதல் நாளை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் அறை எடுப்பார்கள். பெட்டியைப் போட்டுவிட்டு, பளிச்சென்று விளக்குப் போட்ட ஓட்டலாகப் பார்த்துப் போய், ஊரில் வாரம் தவறாமல் சாப்பிடுகிற ஃபிரைட் ரைஸையும் பனீர் பட்டர் மசாலாவையும் கேட்பார்கள். அன்று விடியற்காலையில் கரைக்கு வந்த சங்கரா மீனும் காரப்பொடி மீனும் இரண்டு தெரு தள்ளி ஏதோ ஒரு மெஸ்ஸின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். அது தெரியாமலே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவள். வேலைக்காக வருஷக்கணக்காகப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். இரண்டு ஊருக்கும் நடுவில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடியும், கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். மாநிலம் மாறினாலும் குழம்பு மாறாது. அதனால் இரண்டையும் ஒரே ஊராக நினைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்: "இன்னைக்கு என்ன வந்துச்சு?" மீன் விற்கிற அம்மாவிடம் கேட்கலாம், மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணனிடம் கேட்கலாம், பலாப்பழ வண்டிக்காரரிடமும் கேட்கலாம். மெனு அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பழகினால் பாதி வேலை முடிந்தது. எங்கே, எந்த நேரத்தில், யாரிடம் கேட்பது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

தேதி குறிக்கும் முன்

மீன் சாப்பிடத்தான் வருகிறீர்கள் என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூட விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால் வெளியூர்க்காரர்கள் சரியாக அப்போதுதான் வந்து இறங்குகிறார்கள். அதற்காக மீனே இருக்காது என்று நினைக்க வேண்டாம். கட்டுமரமும் சின்ன ஃபைபர் படகும் கரையை ஒட்டிப் போய்வரும். நெத்திலி, மத்தி, கிழங்கான், காரப்பொடி என்று சின்ன மீன்கள் அதில் வரும். அதையே கேட்டுச் சாப்பிடுங்கள். பெரிய வஞ்சிரத் துண்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எங்கிருந்தோ ஐஸில் பல நாள் கிடந்து வந்த மீனுக்குக் கூடுதல் காசு கொடுப்பீர்கள்.

கோடையில் வருகிறவர்களுக்கு வேறு லாபம் இருக்கிறது: நுங்கு, மாங்காய், பண்ருட்டிப் பலா. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு எதுவும் கிளம்பாது, மார்க்கெட் காலியாகிவிடும். என்னைக் கேட்டால் தை, மாசிதான் நல்ல மாதங்கள். வெயில் ஏறியிருக்காது, கடல் அமைதியாக இருக்கும், பனங்கிழங்கும் கிடைக்கும்.

புரட்டாசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பாதிப் பேர் அந்த மாதம் கவுச்சி தொடமாட்டார்கள். வாங்க ஆள் குறைவு என்பதால் மீன் விலை இறங்கும். உங்கள் வீட்டில் விரதம் இல்லை என்றால், பெரிய மீனைக் குறைந்த விலைக்குச் சாப்பிட அதைவிட நல்ல மாதம் கிடையாது. அதே மாதிரி, ஞாயிற்றுக்கிழமை விலை எப்போதும் ஏறித்தான் இருக்கும். முடிந்தால் வார நாளில் வாருங்கள்.

எங்கே தங்கினாலும், சாப்பிட வாய்க்காலைத் தாண்டுங்கள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. ஒயிட் டவுன் என்கிறார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகப் பார்க்க அழகுதான், தங்குங்கள். அன்றாடச் சாப்பாடு என்னவோ வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கிறது. நேரு வீதி, காந்தி வீதி, பாரதி வீதி, அவற்றை வெட்டிப் போகிற சின்னச் சின்னத் தெருக்கள், அங்கேதான் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள். நடந்தே போய்விடலாம்.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி முடிந்தது. ரொட்டி சுடுகிற பழக்கம் ஊரோடு தங்கிவிட்டது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் நீட்டு ரொட்டியைக் காலையில் சூடாக வாங்கலாம். வெண்ணெய், ஜாம் எல்லாம் வேண்டாம். என் தோழி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அந்த ரொட்டியைப் பிய்த்து ஆட்டுக்கறிக் குழம்பில் முக்கிச் சாப்பிடுவார்கள். ரொட்டியின் ஓடு குழம்பை இழுத்துக்கொண்டும் கரையாமல் நிற்கும். ஒரு ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, மதியம் மெஸ்ஸிலிருந்து குழம்பு மட்டும் பார்சல் வாங்கி, அறையிலேயே இப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

காலை

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். சூரியன் எழும்போது அங்கே நடந்துவிட்டு, பசி எடுத்ததும் உள் தெருக்களுக்குள் நுழையுங்கள். வீட்டு வாசலிலோ தெரு முனையிலோ அடுப்பு வைத்து இட்லி அவிக்கிற அம்மாக்களும் ஆயாக்களும் இருப்பார்கள். பெயர்ப்பலகை இருக்காது. ஆவி பறக்கிற இட்லிக் குண்டானும், கையில் தூக்குடன் நிற்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான் அடையாளம். எங்கள் தெருவில் இருக்கிற ஆயா தட்டில் ஈரத் துணியை விரித்து மாவு ஊற்றுவார். வெந்ததும் தட்டை அப்படியே முறத்தில் கவிழ்த்து, துணியின் முதுகில் கைநிறையத் தண்ணீரைத் தெளித்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். துணியின் இழை இட்லியின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். இந்தத் துணி இட்லியின் மென்மை குழி தட்டில் எண்ணெய் தடவி ஊற்றுகிற இட்லிக்கு வராது.

சட்னியும் சாம்பாரும் தானாக வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "ஆயா, நேத்து மீன் குழம்பு இருக்கா?" எல்லாக் கடையிலும் இருக்காது. இருக்கிற கடையில், ஒரு ஓரமாக மண் சட்டி ஒன்று மூடி வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்கப் புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கி, குழம்பு சுண்டி, எண்ணெய் மேலே மிதக்கும். அதைச் சூடான இட்லியின் மேல் ஊற்றினால், முதல் வாயிலேயே ஏன் இவ்வளவு தூரம் வந்தோம் என்பது புரிந்துவிடும்.

இந்த மாதிரிக் கடைகளில் சில பழக்கங்கள் உண்டு. வயதான பெண்மணியை ஆயா என்றோ அம்மா என்றோ கூப்பிடுங்கள், நடுத்தர வயது என்றால் அக்கா. ஆண்கள் என்றால் அண்ணே. சாப்பிட்டு முடித்த பிறகுதான் காசு. எத்தனை இட்லி, எத்தனை வடை என்று உங்களைத்தான் கேட்பார்கள். யாரும் கணக்கு எழுதுவதில்லை, நீங்கள் சொல்வதுதான் கணக்கு. அதனால் எண்ணிக்கொண்டே சாப்பிடுங்கள். சில்லறை வைத்திருங்கள். ஒன்பது மணி தாண்டினால் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள், தூங்கி எழுந்து நிதானமாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

வெயில் ஏறிய பிறகு கூழ் வண்டி வரும். கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சொம்பில் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், வறுத்த நெத்திலிக் கருவாடு. மே மாதத்தில் பதினோரு மணிக்கு இதைக் குடித்தால் மதியம் வரை தாங்கும்.

மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள், வாங்காவிட்டாலும்

"நாங்க சமைக்கவா போறோம், மார்க்கெட்ல என்ன வேலை?" என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது. மதியம் மெஸ்ஸில் எதைக் கேட்பது என்று காலையிலேயே தெரிந்துகொள்ள இதைவிட வழி இல்லை.

புதுச்சேரியில் கூபேர் மார்க்கெட். ஊர்க்காரர்கள் பெரிய மார்க்கெட் என்பார்கள். நேரு வீதிப் பக்கம் நுழைந்தால் பூ, காய்கறி, மளிகை என்று கடந்து மீன் பகுதிக்கு வந்துவிடலாம். வழி கேட்கக்கூடத் தேவையில்லை, மூக்கே கூட்டிப் போகும். கடலூரில் என்றால் முதுநகர்த் துறைமுகம். அங்கே விடியலிலேயே படகிலிருந்து கூடைகள் இறங்கி ஏலம் நடக்கும். நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். தலையில் கூடையோடு வருகிறவருக்கு நீங்கள்தான் விலக வேண்டும், அவரால் நிற்க முடியாது. செருப்பு நனையும், ரப்பர் செருப்புப் போதும்.

ஐந்தாறு மீனைப் பெயரோடு தெரிந்துகொண்டால் போதும். சங்கரா இளஞ்சிவப்பாக இருக்கும், குழம்புக்கு நல்லது, வறுக்கவும் செய்யலாம். நெத்திலி வறுவலுக்கு. விரலளவு இருக்கிற வெள்ளி நிற மீன் காரப்பொடி. முள் அதிகம், பொறுமை வேண்டும், மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. வஞ்சிரம் எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அந்த விலை. கணவாயைச் சிலர் கடம்பா என்பார்கள். பால் சுறா புட்டுக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று எங்கள் வீடுகளில் முதலில் தேடி வாங்குவது அதைத்தான்.

நல்ல மீனா என்று பார்க்க மூன்று இடம் போதும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். கண் முட்டிக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்து வெளுத்திருந்தால் பழையது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதன் அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். அமாவாசையை ஒட்டி வருகிற நண்டில் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமியில் காலியாக இருக்கும் என்று மீன்கார அம்மாக்கள் சொல்வார்கள். நான் அந்தக் கணக்கை வைத்துத்தான் வாங்குகிறேன்.

அப்புறம், மீன் வெட்டுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அரிவாள்மனையின் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனின் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதிலைச் சீவி, இரண்டு பக்கச் சிறகையும் ஒரே இழுப்பில் எடுத்து, வயிற்றைக் கீறிக் குடலை விரலால் வழித்துப் போட்டுவிடுவார். கண் வாங்குகிறவரிடம் பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் தனியாக வேலை பார்க்கும். போட்டோ எடுக்க வேண்டும் என்றால் "எடுத்துக்கட்டுமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் எடுத்தால் கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தால் அரைக் கிலோ வாங்கி வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுக்கூலி தனி.

மதியம், இலை போட்டு

இதுதான் நாளின் பெரிய சாப்பாடு. பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பில் மீன் இருக்காது, வறுவலில் வாலும் தலையும்தான் மிஞ்சும். அலுவலக ஊழியர்களும் ஆட்டோக்காரர்களும் நிற்கிற மெஸ்ஸாகத் தேடுங்கள். தினமும் சாப்பிடுகிறவன் கெட்ட சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்ள மாட்டான்.

உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி. "குழம்பு என்ன மீன்?" "வறுவல் என்ன இருக்கு, ஒண்ணு எவ்வளவு?" இரண்டாவது கேள்வியை விடவே விடாதீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு விலை எழுதி ஒட்டியிருக்கும், வறுவலுக்கு இருக்காது. சில வருஷத்துக்கு முன் என் நாத்தனார் குடும்பத்தோடு ஒரு பெரிய கடையில் உட்கார்ந்தோம். நண்டு இருக்கிறது என்றார்கள், கொண்டுவாருங்கள் என்றோம். விலை யாரும் கேட்கவில்லை. எடைக் கணக்கு என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. நாத்தனாரின் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்தார், ஊர் போகிற வரை அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. கூட்டிப்போனவள் என்ற முறையில் எனக்கு அது இன்னமும் உறுத்துகிறது. நண்டு, பெரிய இறால், முழு மீன் என்று எதைச் சொன்னாலும் எடை என்ன, விலை என்ன என்று கேட்டு, பச்சையாக ஒருமுறை காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு சமைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். சோறு விழுந்ததும் எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிக்கொள்ள வேண்டாம். மீன் குழம்புக்கு ஒரு கை சோறு, நண்டுக் குழம்போ கருவாட்டுக் குழம்போ இருந்தால் அதற்கு ஒரு கை, பிறகு ரசம், கடைசியில் மோர். பெரும்பாலான மெஸ்களில் வெறும் குழம்பு எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள், மீன் துண்டுக்குத்தான் தனிக்காசு. காரப்பொடிக் குழம்பு என்றால் மீனை விரலால் அழுத்தி முள்ளை முதுகோடு உருவிவிட்டு, சதையைச் சோற்றில் பிசைய வேண்டும். குழந்தைகளுக்குச் சங்கராவோ வஞ்சிரமோ கொடுங்கள்.

இந்தக் கரையின் மீன் குழம்பு வேறு ஊர்க் குழம்பைப் போல இருக்காது. காரணம் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பார்கள். பகலில் காயும், மாலையில் மறுபடி உடைத்துப் பிசைந்து உருட்டுவார்கள், மறுநாள் மறுபடி வெயில். இப்படிப் பல நாள். கோடையில் எங்கள் தெருவில் மொட்டை மாடிக்கு மாடி இந்த வாசனைதான். குழம்பு இறக்கும்போது நல்லெண்ணெயைக் காயவைத்து ஒரு சிட்டிகை வடகத்தைக் கிள்ளிப் போட்டால், அது பொரிகிற மணம் தெரு முனை வரை வரும். பிரெஞ்சுக்காரர்கள் இதை வடுவான் என்று தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இன்றைக்கும் அந்த நாட்டுச் சமையல்காரர்கள் அந்தப் பேரிலேயே பயன்படுத்துகிறார்கள். மெஸ்ஸில் குழம்பு பிடித்துப்போனால் "வடகம் போட்டுத் தாளிச்சீங்களாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் இலையைக் கவனிக்கிற விதமே வேறாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறை இல்லை, கோயில்களைச் சுற்றி நல்ல இலைச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டு ஊரிலும் உண்டு.

ஒரு பிற்பகல் மணல் திட்டில்

தீவுக்குப் போய் மணலில் கால் நீட்டி உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கேயே ஒரு இடம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் 8 கிலோமீட்டரில் சுண்ணாம்பாறு படகுக் குழாம். அங்கிருந்து ஆற்று வழியாகப் படகில் சுமார் இருபது நிமிஷம் போனால், ஒரு பக்கம் ஆறும் மறு பக்கம் கடலுமாக நீளமான மணல் திட்டு. பாரடைஸ் பீச் என்கிறார்கள். அங்கே சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர், நறுக்கிய வெள்ளரிக்காய், வேகவைத்த வேர்க்கடலை எடுத்துக்கொண்டு போய், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

போகிற வழியில்தான் அரியாங்குப்பம். அதன் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியர்களின் உயரமான மண் ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்த ஜாடிகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமல்லாமல், மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய ஒரு சாறும் கப்பலேறி வந்திருக்கிறது. கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மாலை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி மாலையில் சுண்டல், மாங்காய், வறுத்த கடலை, சுட்ட சோளம் எல்லாம் கிடைக்கும். சுண்டலில் மாங்காய்த் துருவலும் தேங்காயும் கூடப் போடச் சொல்லி வாங்குங்கள். கடல் காற்றில் உட்கார்ந்து கொறிக்க அது போதும்.

வயிற்றுக்கு இடம் வைத்து வரவேண்டிய மாலை எங்கள் பக்கத்து மாலை. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வரிசையாகத் தள்ளுவண்டிகள் நிற்கும். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, மசாலா தடவி அடுக்கிய மீன். மீனைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் கல்லில் போட்டுத் தருவார்கள். வாங்குவதற்கு முன் இரண்டு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். எண்ணெய் கறுத்துப்போய் நுரைத்துக்கொண்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். மசாலா செக்கச்செவேல் என்று கண்ணைப் பறித்தால் அது மிளகாயின் நிறம் கிடையாது, கலர்ப்பொடி. ஏற்கெனவே வறுத்துக் குவித்ததைச் சூடுபடுத்தித் தருகிற வண்டி வேண்டாம். பச்சை மீனை எடுத்துக் கண்ணெதிரே போடுகிற அக்காவிடம் போய், "நல்லா முறுகலா வேணும்க்கா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஓரம் கருகி, கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டு, எலுமிச்சை பிழிந்து, வெங்காயத்தோடு வரும். அலுமினியத் தட்டில் வைத்துத் தந்தால் விரல் சுடும், பொறுமையாகப் பிய்த்துச் சாப்பிடுங்கள்.

இரவு

பரோட்டாக் கடை, கையேந்தி பவன், தோசை வண்டி என்று இரண்டு ஊரிலும் பஸ் நிலையத்தைச் சுற்றி நிறைய இருக்கும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். காரம் தாங்காத குழந்தைகளுக்கு முட்டைத் தோசை. புதுச்சேரியில் இரவு சில தெருக்களில் மதுக்கடைக் கூட்டம் இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் எட்டரைக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டால் நிம்மதி. அங்கே வாங்கிய பாட்டிலைக் கடலூர்ப் பக்கம் எடுத்து வரவும் வேண்டாம், எல்லையில் சோதனைச் சாவடி உண்டு.

மேற்கே ஒரு நாள்

மூன்று நாளுக்கு மேல் இருந்தால் ஒரு நாள் கடலை விட்டுவிட்டு மேற்கே போங்கள். கடலூரிலிருந்து பண்ருட்டி சுமார் 25 கிலோமீட்டர். சித்திரையிலிருந்து ஆனி வரை சாலை ஓரத்தில் பலாப்பழம் மலை மாதிரி குவிந்திருக்கும். முழுப் பழம் வாங்கித் திண்டாடாதீர்கள். வெட்டி வைத்திருக்கிற கடையில் ஒரு சுளை வாங்கித் தின்றுவிட்டு, பிடித்த பழத்திலிருந்து சுளையாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சுட்டுத் தின்னலாம், குழம்பிலும் போடலாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது இங்கே பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலா காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். வயதான மரம் எந்தத் தோப்பில் நிற்கிறது என்று வண்டிக்காரர்களுக்குத் தெரியும், பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். முந்திரிப் பருப்பும் இங்கேயே வாங்கலாம். பாயசத்துக்கு என்றால் உடைந்த பருப்பு போதும், விலை குறைவு, ருசி ஒன்றுதான்.

பண்ருட்டிக்குத் தெற்கே வடலூர். வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. பசி என்று வருகிற எவருக்கும் அங்கே சோறு உண்டு. சுற்றுலா இடமாக நினைத்துப் போகாதீர்கள். அன்றைக்கு மீன், கறி தொடாமல் போய், வரிசையில் உட்கார்ந்து, போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் ஒரு பை அரிசியோ காய்கறியோ கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த மாவட்டத்தில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளில் என்னை மிகவும் அமைதியாக்கியது அங்கே சாப்பிட்ட சாம்பார் சாதம்தான்.

பிச்சாவரத்துக்குப் படகுச் சவாரி போகிறவர்கள் சிதம்பரத்தில் இறங்கி இட்லியோடு கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள்.

வயிறு

புது ஊர்ச் சாப்பாட்டில் வயிறு கெடுவது பெரும்பாலும் மீனால் வருவதில்லை. தண்ணீர், வெகுநேரம் வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி, திறந்து வைத்த நறுக்கிய பழம், ஐஸ் போட்ட ஜூஸ், இவற்றால்தான் வரும். சூடாக வருகிறதைச் சூடாகச் சாப்பிடுங்கள். கரும்புச் சாறு வாங்கினால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள், தாகத்துக்கு இளநீர் இருக்கிறது. முதல் நாளே நண்டு, இறால், கணவாய் மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் ஒரே சட்டியில் வறுத்த மீனையும் தவிர்க்க வேண்டும், அதைக் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக

நெத்திலிக் கருவாடு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததா என்று ஒன்றை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கமான டப்பாவில் போட்டுவிட்டால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு வாசனை போகாது. வடகம் பெரிய மார்க்கெட் மளிகைக் கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும். மோந்து பார்த்து வாங்குங்கள், வெங்காயமும் பூண்டும் எழுந்து வரவேண்டும், சிக்கு வாசனை அடித்தால் வேண்டாம். ஊருக்குப் போனதும் ஒரு நாள் வெயிலில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். முதல் முறை மீன் குழம்புக்குப் போடாமல், வெறும் பருப்புக் குழம்புக்கு நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை பொரித்துக் கொட்டிப் பாருங்கள். அதன் மணம் தனியாகத் தெரியும்.